அஞ்சலை கொடுத்த தண்ணீர்

போன வாரம் சங்கீதா போன் செய்தாள். நூலகப் பிரிவில் ஓய்வு பெறும்வரை நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். அரசுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சிகளின் அறிக்கைகளை இனிமேல் இணையதளத்தில் போட வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் சுற்றறிக்கை வந்திருக்கிறதாம். பேராசிரியர்களிடம் கேட்டால் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடிக்கிறார்களாம்.

"யாரு மேடம் இதையெல்லாம் படிக்கப் போறாங்க, படிச்சாலும் அவுங்களுக்கு என்ன புரியும்னு கேக்குறாங்க. எனக்கு பதில் சொல்லத் தெரியலை. உங்க காலத்துல இந்த மாதிரி யாருன்னா கேட்டாங்களா?"

கேட்டார்கள். ஒருத்தி வந்தாள், மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள், அவளுக்கு நன்றாகவே புரிந்தது. அதன் பிறகு நடந்ததைப் போனில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதுதான் இது.

எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப் போவதில்லை. தலைமையகம் வேறு ஊரில். கடலூரில் இருந்தது ஒரு கிளை, நீர் பற்றிய ஆய்வு மையம். தட்டச்சராகச் சேர்ந்து, ஃபைல் தூக்கி, திட்டு வாங்கி, கடைசியில் அலுவலகக் கண்காணிப்பாளர் ஆனேன். அதற்கு எத்தனை வருடம் ஆயிற்று என்பது யாருக்கும் சுவாரசியமில்லாத விஷயம். வீடு சிதம்பரத்தில். ரயில் பாதையை அகலமாக்குகிறோம் என்று ரயிலை நிறுத்தியிருந்த காலம் அது. தினமும் பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தேன். பரங்கிப்பேட்டை திருப்பம் வருவதற்குள் உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள்.

தகவல் உரிமைச் சட்டம் வந்ததும் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒரு பொதுத் தகவல் அலுவலர் வேண்டும் என்றார்கள். எங்கள் மையத்தில் யாரும் முன்வரவில்லை. பேராசிரியர்களுக்கு அது கௌரவக் குறைவு, மற்றவர்களுக்குப் பயம். அன்றைக்கு நான் விடுப்பில் இருந்தேன். மறுநாள் வந்து பார்த்தால் என் பெயரில் ஆணை. சென்னையில் ஒரு நாள் பயிற்சி, ஒரு சாப்பாடு, ஒரு புத்தகம், அவ்வளவுதான். அந்தப் புத்தகத்தை பஸ்ஸில் படித்தேன். ஒரு விஷயம் மட்டும் மனதில் நின்றது. கேட்கிறவர் ஏன் கேட்கிறார் என்று நாம் கேட்கக் கூடாது. முப்பது வருடமாக வருகிறவர்களிடம் "எதுக்கு?" என்று மட்டுமே கேட்டுப் பழகிய எங்களுக்கு அது புது வழக்கமாக இருந்தது.

எங்கள் இயக்குநரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பியூன் முதல் துணைவேந்தர் வரை எல்லோரையும் 'வாங்க' என்றுதான் சொல்வார். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது அவருக்கு நினைவிருக்கும். என் மாமியார் மருத்துவமனையில் இருந்தபோது இரண்டு முறை வந்து பார்த்தார். வகுப்பெடுத்தால் நிலத்துக்குள் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்பதை நீங்களே உள்ளே இறங்கிப் பார்த்த மாதிரி இருக்கும். நான் கதவோரம் நின்று கேட்டிருக்கிறேன்.

ஆனால் ஒரு ஃபைலில் 'கூடாது' என்று அவர் எழுதி நான் பார்த்ததில்லை. பிடிக்காத ஃபைல் போனால் ஓரத்தில் பென்சிலால் 'பேசவும்' என்று எழுதுவார். நான் போய் நிற்பேன். உட்காரச் சொல்வார், காப்பி வரும், பேசுவார். பேசி முடித்ததும் நான் என் இடத்துக்கு வந்து, அவர் சொன்னதை என் யோசனை மாதிரி மையில் எழுத வேண்டும். பிறகு அவர் ரப்பரை எடுத்து 'பேசவும்' என்பதை அழித்துவிட்டு, கீழே பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். ஃபைலைப் பார்க்கிறவர்களுக்கு எல்லாம் நான் சொல்லி அவர் சம்மதித்த மாதிரி இருக்கும். அவர் மேஜையில் இருந்த ரப்பர் மாதிரி சுத்தமான ரப்பரை நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கண்டதில்லை.

சுனாமிக்குப் பிறகு பிச்சாவரம் பக்கத்துக் குப்பங்களில் கிணறுகளில் எல்லாம் கடல் ஏறிவிட்டது. குடிக்க லாரியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அந்தக் கிணறுகள் எப்போது பழையபடி ஆகும் என்று கண்டுபிடிக்க எங்கள் மையத்துக்கு ஒரு திட்டம் கிடைத்தது. முழுக்க அரசுப் பணம். மாதாமாதம் கிணறுகளில் தண்ணீர் எடுத்து, உப்பைப் பார்த்து, மூன்று வருட முடிவில் அறிக்கை தர வேண்டும். ஆரம்பத்தில் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வாடகைக் காரில் போய்த் தானே இறைத்துக்கொண்டு வந்தாள். நல்ல உழைப்பாளி. இரண்டாம் வருடம் அவளுக்கு வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாள். அதோடு காரும் நின்றது.

கார் ஏன் நின்றது என்று எனக்குத் தெரியும். திட்டத்தில் 'பயணம்' என்று ஒரே தலைப்பு. குப்பத்துக்குப் போவதும் பயணம்தான், வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போவதும் பயணம்தான். இயக்குநர் அந்த வருடம் கருத்தரங்குக்குப் போனார். விதிப்படி ஒரு தப்பும் இல்லை. தணிக்கைக்காரர்கள் எல்லா ரசீதையும் பார்த்து டிக் அடித்துவிட்டுப் போனார்கள். பணம் எதற்குக் கொடுக்கப்பட்டதோ அதற்கே செலவானது என்று பயன்பாட்டுச் சான்றிதழும் போயிற்று.

கார் நின்றபின் வேறு ஏற்பாடு செய்தார்கள். மூடி போட்ட வெள்ளை பாட்டில்களைப் பெயர் ஒட்டிக் குப்பங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டில் நிரப்பி வைப்பார்கள். மினி பஸ்ஸில் கொடுத்தனுப்பினால் கிள்ளையிலிருந்து எங்கள் ஆள் வாங்கி வருவான். ஒரு குப்பத்தில் நிரப்பித் தந்த வீடு அஞ்சலை வீடு. அப்போது அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அறிக்கை போயிற்று. அஞ்சலையின் குப்பத்துக் கிணறு தேறிவிட்டது, தண்ணீர் குடிக்கத் தகுந்தது என்று அறிக்கை சொன்னது. அடுத்த கோடை தொடங்கும்போது அந்தக் குப்பத்துக்கு லாரி வருவது நின்றது.

ஒரு திங்கட்கிழமை காலை அலுவலக வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கையில் மனு, அதில் பத்து ரூபாய் ஸ்டாம்பு. பெயர் அஞ்சலை என்றிருந்தது. மகள் எழுதிக் கொடுத்தாளாம்.

"லாரிய நிறுத்திட்டாங்கம்மா. கேட்டா, உங்க கெணறு நல்லா ஆயிடுச்சுன்னு ஆராய்ச்சில வந்துடுச்சுன்றாங்க. எங்க கெணத்த நாங்கதான பாத்துக்கினு இருக்கோம்? எங்க நல்லா ஆச்சு? அந்த ஆராய்ச்சிய ஒரு தபா கண்ணால பாக்கணும்."

"என்ன அவசரம், தபால்ல அனுப்பியிருக்கலாமே?" என்று கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எங்க ஊட்டுக்காரருக்கு கிட்னி ரெண்டும் சரியில்ல. சிதம்பரத்துல பாக்குறோம். உப்பு வாயில வைக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. சோத்துல உப்பு போடாம ஆக்கிடுவேன். தண்ணிலயே உப்பு இருந்தா நான் என்னாம்மா பண்ணுவேன்? கேன் தண்ணி வாங்குறதுக்கு தெனம் மீனு கெடைக்குதா?"

மனுவைப் பதிவு செய்து இயக்குநருக்கு அனுப்பினேன். மாலைக்குள் திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சில்.

போனேன். காப்பி வந்தது. "நான் குடுக்க வேணாம்னு சொல்லலம்மா," என்றார். "ரெண்டாவது கட்டத்துக்கு நிதி கேட்டிருக்கோம். கட்டுரை இன்னும் அச்சாகலை. இது நம்ம அறிவுசார் சொத்து. சட்டத்துலயே விலக்கு இருக்கே, நீங்க பாத்திருப்பீங்க. அப்படியே எழுதிடுங்க, நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

"சார், பதில்ல கையெழுத்துப் போட வேண்டியது நான். அபராதம் வந்தா என் சம்பளத்துலதான் பிடிப்பாங்க."

சிரித்தார். "உங்களுக்கு அப்படியெல்லாம் வர விட்டுடுவேனா?"

அவர் மனதாரத்தான் சொன்னார். எனக்குத்தான் எரிச்சல். முப்பது வருடமாக மேலதிகாரிகள் பேசினதையெல்லாம் என் கையெழுத்தில் எழுதி எழுதி, நான் என்ன நினைக்கிறேன் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. இடத்துக்கு வந்து எழுதினேன். 'கேட்கப்பட்டது பொதுப் பணத்தில் நடந்த ஆய்வின் முடிவு, கேட்பவர் அந்தத் தண்ணீரைக் குடிப்பவர், விலக்கு பொருந்தாது, நேரில் பார்வையிட அனுமதிக்கலாம்.' இதை இயக்குநருக்கு அனுப்பவில்லை. நானே அனுமதித்தேன். அந்த அதிகாரம் சட்டப்படி எனக்கு இருந்தது. யாரும் பயன்படுத்தாததால் எல்லோருக்கும் மறந்திருந்தது.

பார்வையிடும் நாளன்று அஞ்சலை மடிப்புக் கலையாத புடவையில் மகளோடு வந்தாள். முறையெல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று தனி மேஜை போட்டேன். அறிக்கையை வைத்தேன், பக்கத்திலேயே நான் உட்கார்ந்தேன். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. மகள் பிளஸ் டூ. தட்டுத் தடுமாறிப் படித்துத் தாய்க்குச் சொன்னாள். அவர்கள் குப்பத்தைப் பற்றிய பக்கத்தில் ஒரு வரைபடம் இருந்தது, கீழே மாதங்கள், இடது ஓரத்தில் உப்பின் அளவு. கோடு உயரத்திலேயே ஒரு வருடம் ஓடியது. பிறகு ஒரே மாதத்தில் தடாலென்று விழுந்து, தரையோடு தரையாகப் போயிற்று.

"இது இன்னாடி கோடு?"

"உப்பும்மா. இந்த மாசம் வரைக்கும் ஜாஸ்தி. இங்கேருந்து கொறஞ்சு போச்சாம்."

"எந்த மாசம்?"

மகள் சொன்னாள். அஞ்சலை விரல் விட்டு எண்ணவில்லை, யோசிக்கவும் இல்லை. அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"அந்தப் பொண்ணு வர்றத நிறுத்துன மாசம்மா அது," என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். "அதுக்கப்புறம் பாட்டிலு பஸ்ல வரும். நாந்தான் ஊத்தி அனுப்புவேன்."

"கிணத்துலேருந்துதானே?"

மகள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு மொத மொத வந்தப்ப கெணத்துத் தண்ணிய மோந்து பாத்து மூஞ்ச சுளிச்சிச்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. பாட்டிலு வந்தப்போ, பெரிய ஆபீசுல வச்சிப் பாப்பாங்க, நம்ம குப்பத்துத் தண்ணி இப்படியா நாறுதுன்னு பேசுவாங்களேன்னு... யாருன்னா ஊட்டுக்கு வந்து தண்ணி கேட்டா கெணத்துத் தண்ணியவா குடுப்போம்? லாரித் தண்ணியத்தான குடுப்போம்? கொடத்துலேருந்து அதத்தாம்மா ஊத்துனேன். பாட்டில நல்லா கழுவி ஊத்துனேன்."

எதற்காக எடுக்கிறோம், எந்தத் தண்ணீர் வேண்டும் என்று அவளிடம் ஒருவரும் சொன்னதில்லை. பாட்டிலில் குப்பத்தின் பெயர் இருந்தது, அவ்வளவுதான். இரண்டு வருடம் லாரித் தண்ணீரைச் சோதித்து, கிணறு தேறிவிட்டது என்று எழுதி, லாரியை நிறுத்த வைத்திருக்கிறோம். முதல் மாத முடிவை ஒரு துண்டுத் தாளில் எழுதி அதே மினி பஸ்ஸில் அனுப்பியிருந்தால், 'இது எங்க கெணறு இல்லையே' என்று அன்றைக்கே சொல்லியிருப்பாள். எங்கள் மையத்தில் யாருக்கும் அது தோன்றவில்லை. முடிவு என்பது பணம் தந்தவர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் அனுப்புவது, தண்ணீர் தந்தவர்களுக்கு அனுப்புவது அல்ல.

"என் கையாலயே கெடுத்துட்டேனாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

அவள் சொன்னதை மகளை விட்டு எழுத வைத்து, அஞ்சலையின் கைநாட்டு வாங்கி, கீழே நானும் கையெழுத்திட்டு ஃபைலில் சேர்த்தேன். 'மாதிரிகள் கிணற்றிலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல, அறிக்கை திருத்தப்பட வேண்டும்' என்று என் குறிப்பு. இயக்குநரிடம் போய் மறுநாள் ஃபைல் திரும்பி வந்தது. 'பேசவும்.'

இந்த முறை காப்பி வரவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அப்பவே சந்தேகம்தாம்மா," என்றார். "ஒரு கிணறு ஒரே மாசத்துல தேறாது. மழை பெஞ்சா மெல்ல மெல்லக் குறையும். இப்படி விழாது. எந்த மாணவன் கொண்டு வந்திருந்தாலும் போய்த் திரும்ப எடுத்துட்டு வாடான்னு சொல்லியிருப்பேன்."

"அப்ப ஏன் சார் போகலை?"

"திரும்ப எடுக்கணும்னு எழுதினா, இத்தனை மாசம் ஏன் போகலைன்னு கேப்பாங்க. பயணப் பணம் எங்க போச்சுன்னு கேப்பாங்க." கண்ணாடியைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டு, "கணக்குல தப்பில்லையே, நீங்களே பாத்தீங்களே," என்றார்.

கணக்கில் தப்பில்லை. நான்தான் பார்த்தேன். அவருக்குத் தெரிந்திருந்தது என்பதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் தணியவில்லை. திருடனாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். மாமியாரை வந்து பார்த்த மனுஷன். தண்ணீரைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு இந்த மாவட்டத்தில் யாருக்கும் தெரியாது.

"அந்த அம்மா வீட்டுக்காரருக்கு கிட்னி போயிடுச்சு சார்," என்றேன்.

"பாவம்தான்," என்றார். "விண்ணப்பதாரர் பார்வையிட்டார், முடித்துவைக்கப்பட்டதுன்னு எழுதிடுங்க. ரெண்டாவது கட்டத்துல அந்தக் குப்பத்தைத் திரும்பச் சேத்து, சத்தமில்லாம சரிபண்ணிடலாம். ஒரு வருஷம் பொறுங்க."

ஒரு வருடம். அந்த வார்த்தையோடு ஃபைலை எடுத்துக்கொண்டு வந்தேன். வழக்கமாக நான் மையில் எழுதி அனுப்பியதும் அவர் ரப்பரை எடுப்பார். நான் எழுதவில்லை. என் குறிப்பும் ஓரத்தில் அவருடைய பென்சில் 'பேசவும்' என்பதும் தெரிய அந்தப் பக்கத்தை அப்படியே நகலெடுத்தேன். ஃபைலில் அதிகாரிகள் எழுதும் குறிப்பும் தகவல்தான், கேட்டால் தர வேண்டும் என்று படித்திருந்தேன். அஞ்சலையிடம் இன்னொரு மனு வாங்கி, அறிக்கையின் பக்கம், அவளுடைய வாக்குமூலம், இந்தக் குறிப்பு மூன்றையும் முத்திரை குத்தி 'உண்மை நகல்' என்று எழுதி அவள் கையில் கொடுத்தேன். அலுவலகமே வேடிக்கை பார்த்தது. டைப்பிஸ்ட் பையன்கள் ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அஞ்சலை அந்த நகல்களோடு லாரிக்குப் பொறுப்பான அலுவலகத்துக்குப் போனாள். 'உங்கள் வாக்குமூலம் சரி, ஆனால் ஆய்வு நிறுவனம் திருத்தி அனுப்பினால்தான் நாங்கள் எதுவும் செய்ய முடியும்' என்றார்கள். எங்கள் மையத்திலிருந்து திருத்தம் போகவில்லை. திருத்தம் கேட்டு மேல்முறையீடு செய்யும் வழியை நான் சொல்லிக் கொடுத்தேன். அது தலைமையகத்துக்குப் போய், அங்கே மேஜை மேஜையாக ஏறி இறங்கியது. அதற்குள் எனக்கு மாற்றல் ஆணை வந்தது, நூலகப் பிரிவுக்கு. ஆணையோடு இயக்குநர் ஒரு சால்வையும் கொடுத்தார். ஆணையைப் பெட்டியில் வைத்தேன், சால்வையை பஸ் நிலையத்தில் படுத்திருந்த ஒருவருக்குப் போர்த்திவிட்டு வந்தேன்.

கோடை முழுவதும் குப்பத்தில் கிணற்றுத் தண்ணீர்தான். அஞ்சலை ஒரு குடம் நல்ல தண்ணீருக்காக வெயிலில் அடுத்த ஊருக்கு நடந்தாள். மீன் கிடைத்த நாளில் கேன் வாங்கினாள். இரண்டும் முடியாத நாட்களில் கிணறு. மழைக்காலம் தொடங்கியபின் வேறு ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து ஆட்கள் வந்து, கிணற்றில் தாங்களே வாளி விட்டு எடுத்துப் போய், தண்ணீர் குடிக்க லாயக்கில்லை என்றார்கள். லாரி திரும்ப வந்தது. காத்தவராயன், அவள் வீட்டுக்காரர், அதற்கு முந்தின மாதமே போய்விட்டார்.

தண்ணீரால்தான் போனார் என்று டாக்டர் எழுதவில்லை. நானும் சொல்ல மாட்டேன். வியாதி முற்றியிருந்தது. ஆனால் அந்தக் கோடையில் அவர் எதைக் குடித்தார் என்பது எனக்குத் தெரியும், எங்கள் இயக்குநருக்கும் தெரியும். இரண்டாவது கட்டத்துக்கு நிதி வந்தது. அவர் மரியாதையாகவே ஓய்வு பெற்றார். விழாவில் எல்லோரும் அவருடைய பண்பைப் பற்றிப் பேசினார்கள், அதில் பொய் ஒன்றும் இல்லை.

2012இல் நானும் ஓய்வு பெற்றேன். சங்கீதாவிடம் சாவியைக் கொடுத்தபோது சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

காத்தவராயன் காரியத்துக்கு நான் போயிருந்தேன். லாரி மீண்டும் வரத் தொடங்காத நாட்கள் அவை. சிதம்பரத்தில் பஸ் ஏறி, கிள்ளையில் இறங்கி, விசாரித்துக்கொண்டு போனேன். காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல வெயில். அஞ்சலை என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். அழவில்லை. உள்ளே போய் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். உள்ளே மூலையில் ஒரு கேன் இருந்தது, வந்தவர்களுக்கெல்லாம் அதிலிருந்துதான் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். என் டம்ளர் அதிலிருந்து வரவில்லை.

வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது. நாற்றம், அடித்தொண்டையில் உப்பு. மகள் பதறிப்போய், "எம்மா, அவுங்களுக்குப் போயி இதக் குடுத்துட்டியே!" என்று கத்தினாள்.

அஞ்சலை அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "தெரிஞ்சிதாண்டி குடுத்தேன்," என்றாள். பிறகு என்னிடம், "இது கெணத்துத் தண்ணிம்மா. அப்ப அனுப்ப வேண்டியது இதுதான். அவரு கடைசி வரைக்கும் குடிச்சது," என்றாள்.

முழுவதையும் குடித்துவிட்டு டம்ளரை அவளிடம் கொடுத்தேன்.